ஆர்க்னியில் மூன்று டைவ்: ட்ரைசூட்டோடு மல்லுக்கட்டு

மொத்த ஆழமே 8 மீட்டர்தான். வெதுவெதுப்பான கடலில் 25 மீட்டர் வரை போய்ப் பழகிய திமிரோடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளுக்கு வந்தேன். தண்ணீர் 9 டிகிரி. அதனால் ட்ரைசூட், அதாவது தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் உடுப்பு. திமிர் முதல் டைவிலேயே இறங்கிவிட்டது, நான்தான் இறங்கவில்லை. இடுப்பில் 12 கிலோ ஈயம் கட்டியும் தக்கை மாதிரி மிதந்தேன்.

இடம், சர்ச்சில் தடுப்பணைகளில் மூன்றாவது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நின்ற ஸ்காபா ஃப்ளோவுக்குள் எதிரி வராமலிருக்க, பழைய கப்பல்களைத் தீவுகளுக்கு இடையிலான நீர்வழிகளில் வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்திருந்தார்கள். அப்படியும் 1939 அக்டோபரில் ஜெர்மனியின் யூ-47 நீர்மூழ்கிக் கப்பல் சந்து பார்த்து நுழைந்து ராயல் ஓக் போர்க்கப்பலை வீழ்த்தியது. 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம்தான் தீவுகளுக்கு நடுவே கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி அடைத்தார்கள். நீரோட்டமும் சேர்ந்தே அடைபட்டதால், இன்று ஓதம் பார்த்துக் காத்திருக்காமல் கரையிலிருந்தே இறங்க முடிகிறது.

இரண்டாவது டைவில் 15 கிலோ. இறங்கினேன், சரி. ஆனால் கப்பலின் விலா எலும்புகளுக்குள் எட்டிப் பார்க்கத் தலையைத் தாழ்த்தியதும், உடுப்புக்குள் இருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடிவிட்டது. தலைகீழாக மேலே போகிறேன்! காற்றை வெளியேற்றும் வால்வு இடது தோளில், காற்றோ பாதத்தில். முழங்காலை மடக்கி ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். எனக்கு அது ஞாபகம் வந்தபோது மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆழம் குறைவென்றால் சுலபம் என்பது தப்புக் கணக்கு. 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறினால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருகும். 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் இரண்டு மடங்கு.

மூன்றாவது டைவில் உடுப்புக்குள் காற்றைச் சிக்கனமாக விட்டேன். உடுப்பு உடம்பை நெருக்கியது, ஆனால் நின்ற இடத்தில் நின்றேன். அப்போதுதான் கப்பலையே பார்த்தேன்: துருப்பிடித்த தகட்டில் வரிசையாக ரிவெட் துளைகள், மேலே தலைவிரித்தாடும் கெல்ப் என்ற கடற்பாசி, ஒரு துளைக்குள் வாழைப்பூ நிறத்தில் கடல் முள்ளெலி. கையுறைக்குள் விரல் மரத்துப்போனதால் கேமரா பொத்தானை அழுத்த முடியவில்லை.

41 நிமிடம். கரையேறியதும் ஃபிளாஸ்க் மூடியைத் திறக்கவும் கூட வந்தவரைத்தான் கேட்டேன். நாளை 14 கிலோ.