மேக்ஸ்வெல் ரோட்டுப் பிள்ளைகள்

உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தேன் என்று சொன்னால், லிட்டில் இந்தியாப் பக்கம் இருந்திருக்கும் என்று இப்போதைய சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சைனாடவுனை ஒட்டிய மேக்ஸ்வெல் ரோட்டில் இருந்தது என்றால் நம்புவதில்லை. அந்தத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தமிழ்நாட்டுக் கடையநல்லூர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். அவர்களுடைய சங்கமான கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி அது. அக்கம்பக்கம் எல்லாம் சீனக் கடைகள், நடுவே நாம்.

அந்த இடத்துக்கு நாம் ஒன்றும் விருந்தாளிகள் இல்லை. சௌத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் 1826இலும், நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயில் 1827இலும் வந்துவிட்டன. மாஸ்க் ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட் என்ற பெயர்களெல்லாம் அவற்றால் வந்தவைதான்.

பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போனவர்கள் யாராவது உண்டா? டிரங்கானு ஸ்திரீட்டில் கூண்டுக்குள் கிடக்கும் பாம்பையும் ஆமையையும் பார்க்காமல் கால் நகராது. சாகோ லேனில் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித பங்களாவும் காகிதக் காரும் செய்துகொண்டிருப்பார்கள். சாகக் கிடப்பவர்களைக் கொண்டுவந்து வைக்கும் சாவு வீடுகள் அங்கே இருந்தன; அவற்றை 1961இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் ஓடித்தான் கடப்போம்.

எனக்குப் பிடித்தவர்கள் அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன் நடைபாதையில், மேசை போட்டு உட்கார்ந்திருந்த கடிதக்காரர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் குந்தி, சீனாவில் இருக்கும் வீட்டாருக்குச் சேதி சொல்லுவார்கள். சிவப்புத் துணியைத் தலையில் மடித்துக் கட்டிய சம்சுய் பெண்கள், அதாவது சீனாவிலிருந்து வந்த கூலிப் பெண்கள், கட்டட வேலை முடிந்து சிமெண்டுத் தூசியோடு வந்திருப்பார்கள். பெரியவர் தூரிகையை மையில் தோய்த்து மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போவார். ஒரு சொல் புரியாவிட்டாலும் எனக்கு விஷயம் தெரியும். எங்கள் மாடியில் தங்கியிருந்த ஊர்ப் பெரியவர் ஞாயிறுதோறும், "தம்பி, ஒரு கடுதாசி எழுதணும்" என்று என்னைக் கூப்பிடுவாரே! "நான் நலம், பணம் அனுப்பியிருக்கிறேன், வீட்டு ஓட்டை மாற்று" என்பதைத் தாண்டி அவரும் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. சீனக் கடிதக்காரருக்குக் கூலி உண்டு. எனக்கு ஒரு கோப்பி, அதுவும் அவருக்கு ஞாபகம் இருந்தால்.

ஐப்பசித் தீமிதி அன்று சௌத் பிரிட்ஜ் ரோட்டில் நடக்க இடம் இருக்காது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே வரும் பக்தர்களை வேடிக்கை பார்க்கச் சீனக் கடைக்காரர்களும் கூடிவிடுவார்கள். சீனப் பக்தர்களும் மஞ்சள் உடுத்தி நிற்பார்கள். அவர்களோடு நமக்குப் பேச்சு பசார் மலாய் என்ற சந்தை மலாயில்தான், சண்டையும் அதில்தான்.

மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் நம் பள்ளியை மூடினார்கள். அடுத்த ஆண்டே தெருவோர வியாபாரிகளைக் கிரேத்தா ஆயர் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். 1989இல் சைனாடவுன், பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் பாதுகாப்புப் பகுதி ஆனது. கடைவீடுகளை இடிக்காமல் விட்டதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் குடியிருந்தவர்களை அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்ததை முழுப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுத்தமும் கழிப்பறையும் வேண்டித்தானே போனார்கள் என்று என் மனைவி வாதாடுவாள். அதுவும் சரிதான்.

பள்ளி முகப்பு தெரியும்படியான படம் யாரிடமாவது இருந்தால் இந்த மலரைத் தயாரிக்கும் குழுவுக்கு அனுப்புங்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் பாதி முகப்பை ஒரு லாரி மறைத்துக்கொண்டு நிற்கிறது.