தனி அறிவிப்பு வேண்டும்

மொரீஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில், நாடாளுமன்றத்தின் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது இரண்டு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. பதவியின் பெயர் ஆய்வு உதவியாளர். "கேள்வி கேட்கவும் சம்பளமா? உனக்குப் பிறவியிலேயே வரும் ஆயிற்றே" என்று அம்மா சிரிப்பார்.

அவை செவ்வாய்க்கிழமைகளில் கூடும். எங்கள் வாரம் சனிக்கிழமையே தொடங்கிவிடும். தொகுதி அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "தெலோ பா பே வினி" என்று ஒருவர், அதாவது தண்ணீர் வருவதில்லை. மகன் போதையில் விழுந்துவிட்டான் என்று ஓர் அம்மா. எல்லாம் க்ரியோலில், அதாவது எங்கள் தீவின் பேச்சுமொழியில். நான் அங்கே இருந்த காலத்தில் அவையில் க்ரியோலுக்கு இடமில்லை. அரசியல் சட்டப்படி அவை மொழி ஆங்கிலம், விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம். நாடு முழுவதும் எந்த மொழியில் அழுகிறதோ, அந்த மொழியைக் கழற்றிவிட்டுத்தான் அழுகை உள்ளே போக வேண்டும். அதைக் கழற்றுவதுதான் என் வேலை.

மொழியோடு கோபத்தையும் கழற்ற வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் மாதம் நான் எழுதிய ஒரு கேள்வி ஏழு வரி. "வெட்கக்கேடான", "இத்தனை ஆண்டுகளாக" என்ற சொற்களெல்லாம் அதில் இருந்தன. அது திரும்பி வந்தது. கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, குத்தல் இருக்கக் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது. விதிகளைப் படிக்காமல் எழுதியது என் தப்பு. எங்கள் உறுப்பினர் (நாங்கள் அவரை மிஸ்யே என்போம்) தாளைத் திருப்பிக் கொடுத்து, "கோபத்தை வாசலிலே செருப்போடு விட்டுவிட்டு வா, மாம்செல். உள்ளே எண்ணிக்கையைக் கேள்" என்றார்.

அங்கே கேள்விக்கென்று ஓர் அச்சு உண்டு. 'இன்னது தொடர்பாக, அவையின் நலன் கருதி, மாண்புமிகு அமைச்சர் தகவல் பெற்றுத் தருவாரா. ஆம் எனில் விவரம் என்ன. இல்லை எனில் ஏன் இல்லை?' இந்த அச்சுக்குள் எதையும் வார்க்கலாம். முதலில் எனக்கு அது பிணத்துக்குப் போடும் சட்டைபோலத் தோன்றியது. போகப் போகத்தான் புரிந்தது. "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்டால் அமைச்சர் கால் மணி நேரம் பேசுவார், அதில் பாதி முந்தைய ஆட்சியைப் பற்றி இருக்கும். "எத்தனை? எந்த ஊரில் எத்தனை?" என்று கேட்டால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் தாளைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். 2017இல் நேரலை வந்த பிறகு கேமராவுக்காகக் கேட்கும் கேள்விகள் பெருகின. மிஸ்யேவுக்கு அது பிடிக்காது. அவர் பேச்சை யாரும் வெட்டிப் பகிர்ந்ததும் இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் நாட்டில் எதிர்க்கட்சி சில சமயம் ஏறக்குறைய மறைந்தே போகும். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி வாரிக்கொண்டு போனது. ரொட்ரிக்ஸ் தீவின் 2 இடங்கள் மட்டும் தனிக் கதை. அப்படிப்பட்ட அவைகளில் எதிர்வரிசையில் உட்காரச் 'சிறந்த தோல்வியாளர்' முறையில், அதாவது தோற்றவர்களில் சிலருக்கு இடம் தரும் முறையில், உள்ளே வரும் சிலரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மிஸ்யே இதைச் சொல்லும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஹெலன் சுஸ்மனை இழுப்பார். 1961 முதல் 1974 வரை அந்த அம்மையார் நாடாளுமன்றத்தில் தம் கட்சியின் ஒரே உறுப்பினர். உங்கள் கேள்விகளால் நாட்டுக்கு அவமானம் என்று ஓர் அமைச்சர் சொன்னதற்கு, அவமானம் என் கேள்வியில் இல்லை, உங்கள் பதிலில் இருக்கிறது என்று திருப்பியவர். நல்ல கதைதான். ஆனால் எனக்குக் கிடைத்த பதில்களில் அவமானப்படக்கூட ஒன்றும் இருக்காது. 'தகவல் திரட்டப்படுகிறது, நூலகத்தில் வைக்கப்படும்.' அவ்வளவே.

ஒரு சனிக்கிழமை வந்த தாந்தீன் (அத்தை என்பதுபோல மரியாதைச் சொல்) ஒருவரை மறக்க முடியாது. எழுபது தாண்டியவர், நெற்றியில் திருநீறு. 1960இல் கரோல் புயல் தீவைத் துவைத்துப் போட்ட பிறகு அரசு கட்டிய சித்தே (குடியிருப்பு) வீடுகளில் ஒன்று அவருடையது. அவற்றில் சில லாமியாந்த் வீடுகள், அதாவது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுவர்கள். கல்நார்த் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். தாந்தீன் கேட்டது ஒன்றே ஒன்று. பேரன் டிவி மாட்டச் சுவரில் துளை போட்டான், வெள்ளைத் தூள் கொட்டியது, துடைப்பத்தால் பெருக்கினேன், பெருக்கியிருக்கலாமா கூடாதா? எனக்கு வாயடைத்தது. ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும், இனி துளையே போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் கேள்வி மூன்று வரிதான். இத்தகைய வீடுகள் எத்தனை மிச்சம், ஊர்வாரியாக. மிஸ்யே எழுந்து வாசித்தார். பதில் வந்தது: திரட்டப்படுகிறது. அவர் துணைக்கேள்வி போட்டார். கடைசியாக எந்த ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்? அமைச்சர் பின்னால் திரும்பினார். தாள்கள் புரண்டன. "அந்தக் கேள்விக்குத் தனி அறிவிப்பு வேண்டும்." அதாவது, அதை முன்கூட்டியே தனிக் கேள்வியாக எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான். மேலே பார்வையாளர் வரிசையில் எனக்கு முகம் தொங்கிவிட்டது. வெளியே பனைகளுக்குக் கீழே மிஸ்யே சிரித்துக்கொண்டே வந்தார். "தெரியவில்லை என்பது ஹன்சார்டில், அவைப் பதிவேட்டில், ஏறிவிட்டது, மாம்செல். அடுத்த வாரம் தனி அறிவிப்பே கொடுப்போம்."

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடி நாளில் கோவிலுக்குப் போனால் பெரியவர்கள் மிஸ்யேவைச் சூழ்ந்துகொள்வார்கள். தமிழாசிரியர் நியமனம் என்ன ஆயிற்று, தமிழுக்கு உரிய இடம் என்ன ஆயிற்று. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் தெருவில் நின்றார்கள், நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் வாழை இலையில் ஏழு கறி முடியும்வரை நின்று பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட லாமியாந்த் சுவரைப் பற்றிக் கேட்டதில்லை. தாந்தீனும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை. அங்கே கேட்கும் கேள்வி அது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பட்டியல் நூலகத்துக்கு வரப் பல வாரம் ஆயிற்று. ஒரே ஒரு தாள். படி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தாந்தீன் வீட்டுக்கே போனேன். கண்ணாடி உடைந்துவிட்டது, நீயே படி என்றார். ஆங்கிலத்திலிருந்து க்ரியோலுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் சித்தேவின் பெயர் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். எண்ணிக்கையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். விரல்களை மடக்கினார். பக்கத்துத் தெருவையும் சேர்த்து எண்ணினார்.

"யார் எண்ணினது, மோ திஃபி? என் வாசலுக்கு யாரும் வரவில்லையே."

பேனா என்னிடம் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், 'இந்தக் கணக்கு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற தகவலை அவையின் நலன் கருதி' என்று எழுத ஆரம்பித்தேன். தாந்தீன் தேநீர் போட உள்ளே போனார். டிவி அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.