கார் பார்க்கிங்கில் காத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு

பெரியவள் சிவில் ஏர் பேட்ரோலில் சேர்ந்ததிலிருந்து, கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "நம்ம ஊர் என்.சி.சி. மாதிரியாங்க?" என்றுதான். பாதி அப்படித்தான் என்பேன். யூனிஃபார்ம் உண்டு, அணிவகுப்பு உண்டு, படிப்படியாகப் பதவி உயர்வு உண்டு, கோடையில் ஒரு வார முகாமும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது மீதிப் பாதி. இதில் பெரியவர்களும் உறுப்பினர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மா சேரலாம், ரிட்டயர் ஆன தாத்தா சேரலாம். விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, நானும் உறுப்பினர்.

இது அமெரிக்க விமானப்படைக்குத் துணையாக இயங்கும் தன்னார்வ அமைப்பு. உறுப்பினர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. காணாமல் போன சிறு விமானங்களைத் தேடுவது, வெள்ளமோ புயலோ வந்தால் மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விமானவியல் சொல்லிக்கொடுப்பது, இவைதான் வேலை. கையில் 500-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள், பெரும்பாலும் செஸ்னா கம்பெனி விமானங்கள். பிள்ளைகள் 12 வயதில் கேடட்டாகச் சேரலாம், 21 வயது வரை தொடரலாம். 18 தாண்டியவர்கள் நேராகப் பெரியவர்கள் பிரிவில் சேரலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை நம்மில் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மகள் இங்கே பிறந்தவள் என்பதால் அவளுக்குத் தடையில்லை. எனக்குக் கார்டு கைக்கு வரும் வரை வெளியேதான் இடம்.

அதுவரை மற்ற அப்பா அம்மாக்களைப் போல நானும் வாராவாரம் காரில் உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஊருக்கு போன் பேசிக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஒருநாள் குளிர் தாங்காமல் உள்ளே போய் நின்றேன். அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தவள் பதினைந்து வயதுப் பெண். வரிசையில் நின்ற புதுப் பையன் ஒருவனின் முன்னால் வந்து, சட்டைப் பட்டன் ஓரத்தையும் பெல்ட் பக்கிளின் விளிம்பையும் பேண்ட் ஜிப்பின் மடிப்பையும் பார்வையாலேயே மேலிருந்து கீழாக அளந்தாள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். 'கிக் லைன்' (gig line) என்பார்கள். அவனுடையது கொஞ்சம் விலகியிருந்தது. அவள் திட்டவில்லை. தன் பக்கிளைத் தொட்டுக் காட்டினாள், அவன் சரிசெய்துகொண்டான். பெரியவர்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். என் மகள் ஏன் தன் நீலச் சட்டையை யாரையும் தொடவிடாமல் தானே இஸ்திரி போடுகிறாள் என்று அன்றைக்குப் புரிந்தது.

கேடட்டுகள் பாட்டுக்கு நடத்தினாலும், பெரியவர்கள் இல்லாமல் எதுவும் நகராது. எந்தக் கூட்டத்துக்கும் முகாமுக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருந்தாக வேண்டும் என்பது விதி. சும்மா யாரோ இரண்டு பேர் போதாது. கைரேகை கொடுத்து, எஃப்.பி.ஐ. சரிபார்ப்பு முடித்து, பிள்ளைகளின் பாதுகாப்புக்கான பயிற்சியும் எடுத்தவர்கள். ஒரு அம்மாவாக எனக்கு இந்த விதி மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் ஆள் குறைந்தால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். ஒரு சனி ஞாயிறு காட்டுப் பயிற்சி, இரண்டாவது ஆள் கிடைக்காமல் கைவிடும் நிலைக்கு வந்தது. கடைசி நேரத்தில் ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்தார். வெளியே பத்துக் கார்களில் பத்துப் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறோம், உள்ளே ஒரு ஆளுக்குத் தவிக்கிறார்கள்! கிரீன் கார்டு வந்ததும் நான் முதலில் நிரப்பிய விண்ணப்பங்களில் இதுவும் ஒன்று.

பிள்ளைகளுக்குத் துணையாக மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு உறுப்பினர் வகை இருக்கிறது. நான் அதைத் தாண்டி முழு உறுப்பினராகவே சேர்ந்தேன். அதற்குக் காரணம் உண்டு, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த அமைப்புக்காக முதலில் விடாமல் பேசியவர் எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தின் விமானத்துறையைக் கவனித்துவந்த கில் ராப் வில்சன். 1941 டிசம்பர் 1-ல் அமைப்பு தொடங்கியது. ஆறு நாள் கழித்து ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அடுத்த சில மாதங்களில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டியே எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தன. ரோந்து போகப் போதுமான விமானம் ராணுவத்திடம் இல்லை. சாதாரண ஜனங்கள் தங்கள் சொந்தச் சின்ன விமானங்களை எடுத்துக்கொண்டு கடலுக்கு மேல் போனார்கள். அட்லாண்டிக் சிட்டியில் முதல் தளம், பிறகு மெய்னிலிருந்து மெக்சிகோ எல்லை வரை மொத்தம் 21. 1943 ஆகஸ்டு வரை இது நடந்தது.

புது உறுப்பினர்களுக்கான பாடத்தில் இந்த வரலாறெல்லாம் வரும். அதைத் தொட்டு இன்னும் தேடிப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது 1942 ஜூலையில் நடந்த ஒன்று. டெலவேரின் ரெஹோபத் தளத்து விமானம் ஒன்று கடலில் விழுந்துவிட்டது. ஹியூ ஷார்ப், எட்மண்ட் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு பேர் நீரில் இறங்கக்கூடிய ஒரு விமானத்தில் தேடிப்போய், கொந்தளிப்பிலேயே இறங்கி, விழுந்தவர்களில் ஒருவரை உயிரோடு தூக்கினார்கள். இன்னொருவர் கிடைக்கவில்லை. இறங்கிய வேகத்தில் ஒரு பக்க மிதவை நசுங்கிவிட்டதால் விமானம் திரும்ப எழும்பவில்லை. எட்வர்ட்ஸ் மறுபக்க இறக்கை மேல் ஏறி, தன் உடம்பையே எடையாகக் கொடுத்தார். அப்படியே கடல் வழியாகக் கரை சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அதிபர் ரூஸ்வெல்ட் அந்த இருவருக்கும் பதக்கம் கொடுத்தார்.

நான் குளச்சல் பக்கத்துப் பெண். 2017 நவம்பர் 30-ஐ எங்கள் மாவட்டக் கடற்கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் அவர்கள். இங்கே பகல் என்றும் ராத்திரி என்றும் பார்க்காமல் போன் வரும். ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்வி: தேட யாராவது போயிருக்கிறார்களா, எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்? பதில் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? பல ஆயிரம் மைல் தள்ளி டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடப் போகிறவர்களோடு சேர்ந்து நிற்க எனக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்காதா என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான்.

இருக்கிறது. எனக்குக் கிடைத்தது வயர்லெஸ். தேடும் பயிற்சி நாட்களில் விமானம் மேலே போனால், அதோடு தொடர்பில் இருப்பது தரையில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ ஆளின் பொறுப்பு. வழக்கமாக அரை மணிக்கு ஒரு தடவை விமானத்திலிருந்து 'எல்லாம் நலம்' என்று குரல் வர வேண்டும். வந்ததும் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். வரவில்லையா, நாம் கூப்பிட வேண்டும். மேலே இருப்பவர்களும் யாரோ ஒருவருடைய வீட்டுப் பிள்ளைகள்தானே. கடிகாரத்தைப் பார்த்தபடி, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குரலுக்குக் காத்திருப்பதை நான் சின்ன வேலையாக நினைக்கவே மாட்டேன்.

பெரியவளுக்கு விமானம்தான் உயிர். 18 வயதுக்குள் கேடட்டுகளுக்கு எஞ்சின் விமானத்தில் ஐந்து, கிளைடரில் ஐந்து என்று செலவில்லாமல் முன் சீட்டில் பறக்கும் வாய்ப்பு உண்டு. முதல் தடவை நானும் ரன்வே ஓரம்வரை போனேன். கிளம்பும் முன் பைலட் இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி மாதிரிக் குவளையில் பிடித்து அவள் கையில் கொடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். வெளிர் நீலம். நீல நிறம் இருக்கிறதா, அடியில் தண்ணீர்க் குமிழ் தங்கியிருக்கிறதா, தூசி உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் மேலே போனபின் எஞ்சின் நின்றுவிடலாம். சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு இறக்கையிலும் பார்த்தார்கள். பறந்துவிட்டு வந்து மகள் சொன்ன கதையில் பாதி அந்தக் குவளையைப் பற்றித்தான்.

நம் ஆட்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. "கடைசியில் மிலிட்டரிக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்களா?" மாட்டார்கள். கேடட்டாக இருந்ததால் எந்தக் கட்டாயமும் வராது. கேடட் படிகளில் பில்லி மிட்சல் விருது என்ற நிலை வரை ஏறியவர்கள் தாமாக விரும்பி விமானப்படையில் சேர்ந்தால், ஆரம்பத்திலேயே மேல் நிலையில் சேர்த்துக்கொள்வார்கள். அது சலுகை. டாக்டருக்கோ கம்ப்யூட்டருக்கோ படிக்கப் போகிற பிள்ளைகளும் எங்கள் பிரிவில் நிறைய. அப்புறம், வாரம் ஒரு மாலை தவிர அவ்வப்போது சனி ஞாயிறும் போகும். பரதநாட்டியம், கணக்கு டியூஷன், இது என்று மூன்றையும் ஒரே பிள்ளை மேல் ஏற்றினால் தாங்காது. நாங்கள் ஒன்றை விட்டோம்.

இப்போது நான் 'ஸ்கேனர்' வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தேடுகிறவர். கண்ணைச் சும்மா ஓட்டிக்கொண்டே போனால் எதுவும் தெரியாது, ஒரு புள்ளியில் நிறுத்தி, அடுத்த புள்ளிக்கு நகர்த்தி, மறுபடி நிறுத்த வேண்டும். தேடுவதும் முழு விமானத்தை அல்ல. முறிந்த மர உச்சி, புதிதாகக் கிளறிய மண், கருகிய திட்டு, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், ஒரே இடத்தில் வட்டமிடும் பறவைகள். ஸ்கேனராக 18 ஆக வேண்டும் என்பதால் மகள் தரைக்குழுப் பயிற்சிக்குப் போகிறாள். வசந்த காலத்துப் பயிற்சிக்கு இரண்டு பேருமே பெயர் கொடுத்திருக்கிறோம். அதற்குள் நான் தேர்வை முடிக்க வேண்டும், அவளுக்குப் புது பூட்ஸ் வாங்க வேண்டும். போன வருடத்து ஜோடி இப்போதே கடிக்கிறதாம்.