ஊசியா, ஸ்டென்ட்டா?

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் நாங்கள் ஓடிய மருத்துவமனையில் ஈசிஜி வசதி உண்டு, கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் கூடம்) கிடையாது. உள்ளே போனதுமே ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள். கோடு மேடாக எழும்பி நின்ற இடத்தை டூட்டி டாக்டர் விரல் வைத்துக் காட்டினார்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய் முழுசா அடைச்சிருக்கு. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை இங்கேயே போடலாம். குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழாய், அதான் ஸ்டென்ட்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஸ்டென்ட்தானே சிறந்தது என்றேன். "சீக்கிரம் கிடைச்சா அதுதான்" என்றார். அடைப்பை நேரடியாகத் திறந்துவிடலாம், மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் குறைவு. ஆனால் ஈசிஜியில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பு திறக்க வேண்டுமாம். ஆம்புலன்ஸ் வந்து, பயணம் முடிந்து, அங்கே கேத் லேப் தயாராகி... கூட்டிப் பார்த்தால் நேரம் மிஞ்சிவிடும். வலி தொடங்கி அதிக நேரம் ஆகவில்லை என்பதால் ஊசிக்கு நல்ல பலன் இருக்கும் என்றார். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யுமாம்.

அடுத்து கேள்விகள். மூளையில் ரத்தக்கசிவு வந்ததுண்டா, பக்கவாதம், சமீபத்தில் ஆபரேஷன், மலத்தில் ரத்தம்? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றிருந்தாலும் கதை மாறியிருக்கும். நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அப்பா தலையசைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன்.

போட்டது டெனெக்டெப்ளேஸ். எடைக்கு ஏற்ற அளவு, சில நொடிகளில் ஒரே தடவையாக ஏற்றிவிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

ஊசி போட்டாச்சே, இங்கேயே இருக்கலாமே என்றார் சித்தப்பா. டாக்டர் ஒப்பவில்லை. கட்டிதான் கரையும், கொழுப்புப் படிவு அப்படியே இருக்கும், திரும்ப அடைக்கலாம். 60 முதல் 90 நிமிடத்தில் அந்த மேடு பாதியாவது இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோ (குழாயில் சாயம் செலுத்திப் படமெடுத்து அடைப்பைப் பார்ப்பது) செய்தாக வேண்டும். ஊசியின் பெயரையும் போட்ட நேரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். இரண்டாவது மருத்துவமனையில் முதலில் கேட்டது அந்தச் சீட்டைத்தான்.

மேடு இறங்கியிருந்தது. 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் மாரடைப்புதான். "இவருக்கு மட்டும் ஏன் அந்த ஊசி போடலை?" என்று அவர் மனைவி தவித்துப்போய்க் கேட்டார். அவர் ஈசிஜியில் அந்த மேடு இல்லை, அந்த வகைக்கு இந்த ஊசி ஆகாது என்று நர்ஸ் விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.