அம்மா வைத்த ஆப்பிள்

"இலை உதிர்றதைப் பார்க்கவாடா இவ்ளோ தூரம்?" மில்வாக்கியில் காரில் ஏறும்போதே அம்மா கேட்டுவிட்டார். அக்டோபர் நடுவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாதிப் பேர் கிளம்புவது அதற்குத்தான். சாலையோர மேப்பிள்கள் பற்றி எரிவதுபோல் நின்றன. அம்மா கிரீன் பே தாண்டும்வரை தூங்கினார்.

57ஆம் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, சாம்பியன் என்ற சிற்றூரில் மாதா கோயில். 1859 அக்டோபரில், பெல்ஜியத்திலிருந்து குடியேறிய அடேல் பிரிஸ் என்ற இளம்பெண் மாவு மில்லுக்குக் கோதுமை சுமந்துபோன வழியில், இரண்டு மரங்களுக்கு நடுவே மாதா காட்சி கொடுத்தாராம். கிரீன் பே ஆயர் இதை ஏற்று அறிவித்தது 2010இல்தான். 1871 அக்டோபர் 8 இரவு இந்த வட்டாரத்தில் பரவிய பெஷ்டிகோ பெருந்தீ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இங்கே ஜெபித்தபடி கோயிலைச் சுற்றி வந்தவர்கள் பிழைத்தார்கள். சிகாகோ எரிந்ததும் அதே இரவு என்பதால், இந்தத் தீயை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "வேளாங்கண்ணியில பால் கொண்டுபோன பையன். இங்க கோதுமை கொண்டுபோன பொண்ணு. வேலையா போறவங்க கண்ணுலதான் படுவா போல."

அங்கிருந்து பழத்தோட்டங்களுக்குப் பேர்போன டோர் கவுண்டி மாவட்டம். டோர் கவுண்டி என்றால் செர்ரிதான். ஆனால் அது கோடையோடு முடிந்துவிடும்; இப்போது ஆப்பிள். நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கிளையே கூட வந்தது. அம்மா கையைத் தட்டிவிட்டார். மாங்காய் பறித்த கை அது. பழத்தை மேல்நோக்கித் திருகினார், காம்போடு உள்ளங்கையில் உட்கார்ந்தது. கீழே இழுத்தால் அடுத்த வருஷ மொட்டும் போய்விடும் என்று தோட்டக்காரரும் பிறகு அதையே சொன்னார். ஹனிகிரிஸ்ப் ரக ஆப்பிளைக் கடித்தால் சாறு முழங்கைவரை வழிகிறது. கடையில் வாங்குவது வேறு ஏதோ பழம் என்றே நினைக்கிறேன்.

திரும்பும்போது நமூர், பிரசல்ஸ் என்று பெல்ஜியப் பெயர்கொண்ட ஊர்கள். சோளக்காட்டு ஓரத்தில் வெள்ளையடித்த குட்டி மரக்கோயில் ஒன்று. நேர்த்திக்கடனுக்கும் நன்றிக்கும் குடியானவர்கள் தங்கள் நிலத்திலேயே இப்படிக் கட்டிவைத்திருக்கிறார்கள். பூட்டு இல்லை. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

அந்தக் குளிரிலும் அம்மா ஷூவைக் கழற்றினார். வேறு வழியில்லாமல் நாங்களும். பையைக் கிளறி, அடிபடாத ஆப்பிளாக ஒன்றைத் தேடி எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து மாதா காலடியில் வைத்தார்.

"காம்பு இருக்கறதா பார்த்துத்தான் வச்சேன்" என்றார் காரில் ஏறியதும். என் சாக்ஸ் நனைந்திருந்தது.