பாண்டவர் வீட்டில் யாரும் குடியிருந்ததில்லை

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையிலோ புறம்போக்கு மேட்டிலோ வட்டமாகப் பதிந்த பாறாங்கற்களைப் பார்த்ததும் 'கற்கால மனிதனின் வீடு' என்று படம் போட்டுவிடுகிறார்கள். ஊர்க்காரர்களும் சில இடங்களில் பாண்டவர் வீடு என்றே சொல்வதால் குழப்பம் கூடுகிறது. அவை இரும்புக்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவரைப் புதைத்த இடத்தில் வைத்த கற்கள். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950லும் 1952லும் தோண்டியபோது கல்வட்டங்களுக்குள் இருந்தவை சுடுமண் ஈமப்பேழை, கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். பேழை எப்படி இருக்கும் என்று பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போனால் போதும். தொட்டி மாதிரி உடல், அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள்.

வீட்டு வட்டம் என்றால் முதலில் வாசலைத் தேடணும். இங்கிலாந்தின் டார்ட்மூரில் உள்ள கிரிம்ஸ்பவுண்ட் குடியிருப்பில் 24 வட்ட வீடுகளின் அடித்தளம் நிற்கிறது. அங்கே கல் என்பது சுவரின் அடிப்பகுதி. ஆள் நுழையும் இடைவெளி உண்டு, உள்ளே தரை வெறுமையாக இருக்கும். நம்மூர் ஈமவட்டத்தில் வாசல் கிடையாது, நடுவில் கற்குவை மேடு தட்டியிருக்கும். ஒரு கல் பெயர்ந்து போன இடத்தை வாசல் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கல்லைப் பிடுங்கிய இடத்தில் குழி இருக்கும், வாசலில் மிதிபட்டு இறுகிய மண் இருக்கும்.

அப்படியானால் நம் ஆட்களின் வீடு எங்கே? செத்தவருக்குக் கல், இருப்பவருக்கு மரமும் மண்ணும் கூரையும். மக்கிப் போயிற்று. மிஞ்சுவது கம்பம் நட்ட குழிகள்தான். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் தரையில் பள்ளம் தோண்டி அமைத்த புதிய கற்காலக் குழிவீடுகளை அடையாளம் காட்டியவற்றில் இவையும் உண்டு.

கம்பக்குழி கண்ணில் படுவது மண்ணின் நிறத்தால். கொத்தனார் கரண்டியால் தரையை மழமழவென்று சீவி, கைத்தெளிப்பானில் லேசாகத் தண்ணீர் அடித்தால் மக்கிய இடம் கருமையாகத் தெரியும். வெயில் ஏறினால் சில நிமிடங்களில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அதற்குள் ஆணியால் ஓரத்தைக் கீறி வைத்துவிடணும். அப்புறம் குழியில் பாதியை மட்டும் வெட்டி, நிற்கும் வெட்டுமுகத்தை வரைந்துவிட்டு மறுபாதிக்குப் போகணும். ஒரேயடியாக அள்ளினால் அது கம்பக்குழியா எலிவளையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எலிவளை அடியில் வளைந்து ஓடும். கம்பக்குழி நேராக இறங்கும், சில சமயம் ஓரத்தில் முட்டுக்கல் சொருகியிருக்கும்.

வட்டக் குடிசையின் குழி நாலைந்துதான் கிடைத்தது, மீதி தோண்டாத வரப்புக்கு அடியில் என்றால் கணக்கு கைகொடுக்கும். வளைவில் இரண்டு குழிகளுக்கு நடுவே நூல் கட்டி நீளத்தை அளக்கணும். நூலின் மையத்திலிருந்து செங்குத்தாக வளைவு வரை உள்ளது உயரம். நீளத்தின் வர்க்கத்தை எட்டு மடங்கு உயரத்தால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நூல் 3 மீட்டர், உயரம் 50 செ.மீ. என்றால் ஆரம் 2.5 மீட்டர், குடிசை 5 மீட்டர் அகலம். அதே உயரத்தை 45 என்று அளந்துவிட்டால் அகலம் 5.45 ஆகிவிடும். அதனால் குழியின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள். நூலும் எவ்வளவு நீளமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நல்லது.