மருந்து சாப்பிடும்போதே கழுத்துக் கட்டி வீங்கினால்: நெறிக்கட்டிக் காசநோய் அனுபவம்

தம்பிக்கு ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் பட்ட பாட்டை எழுதாமல் விட மனம் வரவில்லை. நுரையீரலில் இல்லாமல் கழுத்து நெறியில் காசநோய் வந்தவர்களுக்கு இது உதவும்.

முதல் கோளாறு பயாப்ஸியில். கட்டியிலிருந்து எடுத்த சதை மொத்தத்தையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். ‘கேசியேட்டிங் கிரானுலோமா’ (நடுவே செத்த திசு உள்ள அழற்சி முடிச்சு) என்று அறிக்கை வந்தது. அதே சதையை ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கு (கிருமியின் டிஎன்ஏவையும் மருந்து கேட்குமா என்பதையும் கண்டுபிடிக்கும் சோதனை) கொண்டுபோனால் ஆய்வகம் வாங்க மறுத்தது. ஆய்வகத்தின் மேல் தப்பில்லை. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதனால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. டிஎன்ஏவும் கெட்டுப்போவதால் ஜீன்எக்ஸ்பெர்ட் முடிவை நம்ப முடியாது. முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்று தெரிய வேண்டுமே, மறுபடியும் ஊசி குத்தித்தான் எடுத்தார்கள். எனவே மாதிரி எடுக்கும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள்: இரண்டு பாட்டில் வேண்டும். நோயியல் பரிசோதனைக்கு ஃபார்மலின். ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் நார்மல் சலைன் (உப்புக் கரைசல்). சலைன் பாட்டில் அன்றைக்கே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். ஜீன்எக்ஸ்பெர்ட் ஓடி முடிய இரண்டு மணி நேரம் போதும். திரவக் கல்ச்சருக்கு 42 நாள் வரை காத்திருக்க வேண்டும்.

ஜீன்எக்ஸ்பெர்ட்டில் கிருமி இல்லை என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. நெறியில் கிருமிகள் மிகக் குறைவு. கட்டியின் பருமனில் பெரும்பங்கு நம் உடலே கட்டியது: மேக்ரோஃபேஜ், டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் கிருமியைச் சுற்றி வளைத்த கிரானுலோமா, அதன் நடுவே பாலாடைக்கட்டி மாதிரி செத்த திசு.

நிக்ஷய் (அரசின் காசநோயாளர் இணையதளம்) பதிவு, எச்ஐவி, சர்க்கரைச் சோதனைகள், மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. 50 முதல் 64 கிலோ எடைக்குத் தினம் 4 கூட்டு மாத்திரை (ஒரே மாத்திரையில் பல மருந்து). முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு அதில் ஒன்றான பைராசினமைடு இல்லாமல் நான்கு மாதம்.

சோதனையே இதற்குப் பிறகுதான். சுருங்கிக்கொண்டிருந்த கட்டி இரண்டாம் மாதம் திடீரென்று வீங்கி, பக்கத்தில் புதுக் கட்டியும் கிளம்பியது. ஓரிடத்தில் “மருந்து கேட்கவில்லை, மாற்றிவிடலாம்” என்றார்கள்; இன்னோரிடத்தில் “கீறிச் சீழை எடுத்துவிடலாம்” என்றார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காதது எவ்வளவு நல்லதாயிற்று! கிருமி செத்து உடையும்போது அதன் செல்சுவரும் புரதங்களும் வெளியே கொட்டுகின்றன. அதுவரை அடங்கிக் கிடந்த எதிர்ப்பு செல்கள் அவற்றைக் கண்டு டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன, அழற்சி ஏறுகிறது. மருத்துவர்கள் இதைப் ‘பாரடாக்ஸிகல் ரியாக்‌ஷன்’ என்பார்கள். நெறிக்கட்டிக் காசநோயில் இது அபூர்வமல்ல. எச்ஐவி உள்ளவர்களுக்கு ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) தொடங்கியதும் இதே வகை அழற்சி இன்னும் கடுமையாக வரலாம்.

ஆனால் வீக்கமெல்லாம் இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாத்திரை விட்டுப்போனதா, மருந்துக்கு மசியாத கிருமியா, லிம்ஃபோமா (நெறியில் வரும் புற்றுநோய்) போல வேறு நோயா என்று மூன்றையும் விலக்க வேண்டும். புதிதாக உறிஞ்சிய சீழைச் சலைனில் அல்லது அப்படியே கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்மியரிலும் (நுண்ணோக்கியில் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பெர்ட்டிலும் செத்த கிருமிகூடத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உயிரோடு இருக்கிறதா என்பதைக் கல்ச்சர்தான் சொல்லும்.

இந்த மூன்றும் இல்லை என்றால் அதே மருந்து, அதே அளவு. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற மருந்தை மருத்துவர் தருவார். சீழ் தளும்பினால் கட்டியின் மேல் நேராகக் குத்தாமல், பக்கத்தில் நல்ல தோல் வழியாகச் சாய்வாக ஊசி செலுத்தி உறிஞ்ச வேண்டும். கீறினால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகும் புரையாகிவிடும் ஆபத்து உண்டு.

வீக்கம் கட்டுக்கடங்காமல் போனால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் உண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிப் பிரெட்னிசோலோனைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்பதால், வழக்கமான அளவு போதாமல் போகலாம். எழுதித் தருபவரிடம் காசநோய் மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கி நீங்களாகப் போடவே கூடாது. ஏனென்றால் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் வேண்டாத சரக்கல்ல; கிருமியை அடக்கி வைக்க அது தேவை. மூட்டுவாதத்துக்கு அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களுக்கு உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது 2001-இலேயே பதிவாகியிருக்கிறது. அழற்சியை அடியோடு அணைத்தால் கிரானுலோமா உடைந்து கிருமி பரவும்.

மருந்து முடிந்த பிறகும் சிறு முடிச்சு கையில் தட்டுப்படலாம். வளராமல், வலிக்காமல், காய்ச்சலும் எடைக்குறைவும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது தழும்புதான். அதை அளந்து தேதியோடு சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.